அம்மன் கோயில் திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தை மாதம் கும்பாபிஷேகம் நல்லபடியாக நடந்தேறியது. 48 நாள் மண்டலாபிஷேகமும் நிறைவு பெற்றது. வரவு செலவு விவரம் கோயில் நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறது. சுற்றுச்சுவர், மின்சார வேலை, வர்ணம் எல்லாம் பேசியபடி முடிந்தன. மேல்தளத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வைகாசிக்குப் பத்திரிகை அடித்துவிட்டு ஏன் தள்ளிப் போட்டீர்கள் என்று கேட்காத ஆளில்லை.

செங்கோட்டைப் பக்கத்துச் சாரல் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வந்தால் நாள் கணக்கில் பொசுபொசுவென்று விழும். போன திருப்பணியில் ஒழுக்கை நிறுத்துகிறோம் என்று பழைய சுண்ணாம்புத் தளத்தின்மேல் சிமென்ட் பூசினோம். அது வெடித்த இடம் வழியாக இறங்கிய தண்ணீர், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கிடந்து தளத்தை அரித்துவிட்டது. ஆகவே இந்த முறை சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு என்கிற தட்டை ஓடு என்று முடிவு செய்தோம்.

முதல் மூன்று வாரம் மேற்பார்வை பார்த்தது நான்தான். காலை எட்டு மணிக்கு நோட்டும் பேனாவுமாக நிற்பேன். ஆள் வந்ததா என்று பார்க்கத் தெரிந்தது, வேலை வந்ததா என்று பார்க்கத் தெரியவில்லை. அப்புறம்தான் தென்காசியிலிருந்து மேஸ்திரியை வரவழைத்தோம். வந்தவர் தளத்தில் குத்தவைத்து, கட்டையால் இரண்டு தட்டுத் தட்டினார். பொத்தென்று கேட்டது. கொட்டிக் கிடந்த சுண்ணாம்பில் ஒரு பிடி எடுத்து விரலால் நசுக்கி, நீறாத கட்டி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

“அண்ணாச்சி, நோட்டுல ஆள் கணக்கு சரியாத்தான் இருக்கும். இந்தக் கட்டி நாளைக்கு ஈரம் குடிச்சு ஊதும். ஊதினா மேல இருக்கிற தட்டோட்டையே தூக்கிரும்.”

போட்டதைச் சுரண்டி எடுத்தோம். அந்த நஷ்டம் கணக்கில் தனி வரியாக இருக்கிறது, ஒளிக்கவில்லை.

என்னிடம் ‘இதெல்லாம் இப்படித்தான் சார்’ என்று சமாளித்த ஆட்கள் அவரிடம் வாய் திறக்கவில்லை. அதற்காக அவரிடமும் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வாரம் யார் வேலையும் பிடிக்காமல் கரண்டியைப் பிடுங்கித் தானே பூசிக்கொண்டிருந்தார். பையன்கள் கை கட்டி நின்றார்கள். சாந்து சுமந்த அக்கா ஒருத்திதான் கேட்டாள்: “எல்லாத்தையும் நீங்களே செஞ்சா இவனுக எப்பப் படிக்க?” மனிதர் ஒரு நிமிஷம் பேசவில்லை. மறுநாளிலிருந்து மண்டபத்துக்குள் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, மேலே தளத்தைக் கட்டையால் இடிக்கும் சத்தத்தை வைத்து வேலை வாங்கினார். “வடக்கு மூலையில கட்டை இன்னும் உள்ள இறங்குதுலே. துள்ளணும்!” ஏறிப் பார்த்தால் வடக்கு மூலை இளக்கமாகத்தான் இருக்கும். தண்ணீர் வெளியேறும் தூம்பை நோக்கி 10 அடிக்கு 2 அங்குலச் சரிவு. அதை மட்டும் ரசமட்டம் வைத்துத் தன் கையாலேயே பார்ப்பார்.

வாசல் கதவு, நிலை விஷயத்தில் அவர் தலையிடவே இல்லை. “மரம் எனக்குத் தெரியாது” என்று ஒதுங்கிக்கொண்டார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பக்கம் இது. தச்சு வேலைக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஆள் தேடுவது நமக்குப் பழக்கம்தான். வந்த ஆசாரியும் வேலையைத் தொடும் முன் பலகையின் ஈரத்தைப் பார்த்தார்.

இனி நாள் தள்ளிய கதை. வைகாசி முகூர்த்தத்துக்குள் முடியுமா என்று தலைவர் ஐயா கேட்டபோது, “முடிச்சிரலாம், ஆனா காயாது” என்றார் மேஸ்திரி. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் இறுகும். அவசரப்படுத்த வழியில்லை. “ஒரு சாரல் பார்த்துட்டு நாள் குறிங்க” என்றார். ஆசாரியும் தன் பங்குக்கு “மழ கழியட்டே” (மழை முடியட்டும்) என்று மலையாளத்தில் சொன்னார். குழுவில் பெரிய சண்டை. அடித்த பத்திரிகை முழுவதும் வீண். கடைசியில் தலைவர் ஐயாதான், “அவருக்குத் தெரிந்ததில் நாம் ஓட்டெடுப்பு நடத்த வேண்டாம்” என்று முடித்துவைத்தார். ஆனி, ஆடி இரண்டு மாதமும் மண்டபத்துக்குள் ஒரு சொட்டு விழவில்லை.

தென்மேற்கு மூலையில் உள்பக்கம் மட்டும் ஓர் ஈரத்திட்டு இருக்கிறது. பழைய ஈரம், தானாக வெளியேறும், அடுத்த பங்குனி வரை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று யாரும் உபயமாக டிஸ்டெம்பர் அடித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு