பரம்பரைப் பாட்டு அல்ல, ஆசிரியரே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் எங்கள் ஊர்ப் பெண்ணின் முதல் ஆல்பத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரமாக இருக்கும் கொழிஞ்சாம்பாறை என்ற ஊர்ப்பெயரைப் பிழையில்லாமல் அச்சிட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். குரல் நன்று, கிதார் நன்று என்று விமர்சகர் தாராளமாகவே எழுதியிருக்கிறார். சரி. ஆனால் "எல்லையோர மக்களின் வாய்மொழிப் பாடல்களை இனிமையாகப் பாடியிருக்கிறார்" என்று ஒரு வரி வருகிறதே, அதை யாரிடம் கேட்டு எழுதினார்? எல்லாப் பாட்டுக்கும் வரிகளும் மெட்டும் அந்தப் பெண்ணுடையவை. மூன்றாவது பாட்டில், வேலந்தாவளத்தில் செல்போன் கேரள டவருக்கும் தமிழ்நாட்டு டவருக்குமாகத் தாவ, காதலன் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. எந்தப் பாட்டன் காலத்து டவர் அது?

பறைச் சத்தமும் எங்கள் பேச்சும் காதில் விழுந்தால் போதும், எழுதியவர் செத்து நூறு வருஷம் ஆகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறீர்கள். சென்னையில் உட்கார்ந்து எழுதினால் பாடலாசிரியர். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் எழுதினால் 'மண்ணின் குரல்'!

நான் மைக் செட் வைத்துப் பிழைத்தவன். கேசட் காலத்தில் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, எங்கள் தெருவில் நடவுக்குப் போகும் ஓர் அக்காவைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். மைக் பிடித்தது நான்தான். அதில் பாதிப் பாட்டு, பக்கத்து வீட்டுச் சண்டையை வைத்து அக்கா தானாகக் கட்டியது. யாரைத் திட்டுகிறார் என்பதுகூடத் தெருவுக்கே தெரியும். கேசட் அட்டையில் 'கிராமியப் பாடல்கள்' என்று மட்டும் இருந்தது. கூலி ஒரு சேலை. அப்புறம் அதே கேசட்டை நான் காசு கொடுத்து வாங்கி, எங்கள் கோயில் திருவிழாவில் போட்டேன்.

அட்டப்பாடிப் பழங்குடிப் பாடகி நஞ்சியம்மாவுக்கு, 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படத்தில் பாடிய பாட்டுக்காக 2020ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தபோது எல்லாரும் குரலைக் கொண்டாடினீர்கள். அந்தப் பாட்டின் வரிகளும் அவர் பெயரில்தான் இருக்கின்றன என்று எத்தனை பேர் எழுதினீர்கள்?

இது வெறும் மரியாதைக் கணக்கு இல்லை. 2012 பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகு பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டிப் பங்கு உண்டென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'பரம்பரைப் பாட்டு' என்றால் பங்கு கேட்க யார் வருவார்? நாளை ஏதாவது டிவி நிகழ்ச்சியில் எடுத்துப் பாடிவிட்டு, உங்கள் பத்திரிகையைத்தான் சாட்சிக்கு நீட்டுவார்கள்.

எங்கள் பக்கம் உங்கள் நிருபர் வருவது இரண்டு காரியத்துக்கு. ஒன்று, ஆழியாற்றிலிருந்து தமிழ்நாடு கேரளத்துக்குத் தர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீர்த் தகராறு. இன்னொன்று, பொள்ளாச்சிக்காரர்கள் எல்லை தாண்டி வந்து கள் குடிக்கிறார்கள் என்ற செய்தி. கொச்சி சமஸ்தானம், திருக்கொச்சி, 1956க்குப் பிறகு கேரளம் என்று பலகை மாறிக்கொண்டே இருந்தது. வீட்டில் தமிழ் மாறவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து பாடும் எங்கள் பொறாட்டு நாடகத்தைப் பற்றி முன்பு ஒரு கடிதம் போட்டிருந்தேன். அது பிரசுரத்துக்குத் தகுதியில்லாமல் போயிருக்கலாம். பெரியவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா?

நான் கேட்பது ஒரே ஒரு வரித் திருத்தம்: 'பாடல்கள், இசை: பாடியவரே.' விமர்சனம் வந்த அதே பக்கத்தில் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய மைக் செட்காரன்,
கொழிஞ்சாம்பாறை.