பிசினைச் சுரண்டாதே

மக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பேத்திக்குக் காய்ச்சல், அதனால் உடனே எழுத உட்கார முடியவில்லை. இப்போது தேறிவிட்டாள். நேற்று முற்றத்தில் சைக்கிள் ஓட்டினாள்.

வீட்டு வாசல் பைன் மரத்தில் கொடிக்கம்பி கட்ட ஆணி அடித்த இடத்தில் மெழுகு மாதிரி வடிகிறது, மரத்துக்குச் சீக்கா, சுரண்டிவிட்டு மருந்து பூசட்டுமா என்று கேட்டிருந்தாய். சுரண்டாதே மக்கா. மரம் தனக்குத்தானே பூசிக்கொள்ளும் மருந்து அது. பைனுக்குள் பிசின் குழாய்கள் ஓடுகின்றன. காயம் பட்டதும் பிசின் அழுத்தத்தோடு வெளியே வரும். அதில் பைனீன் போன்ற டெர்பீன்கள் உண்டு, டர்பன்டைன் வாசம் அவற்றுடையதுதான். பல பூஞ்சைகளுக்கு அவை நஞ்சு. காற்றில் அவை ஆவியாகிப் போக, மிச்சமிருக்கும் அபியட்டிக் அமிலம் போன்றவை இறுகிக் காயத்தை அடைத்துவிடும். இனி வேறு ஆணி அடிக்காமல் இருந்தால் போதும்.

உன் மகன் ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலையில் எடுத்து அனுப்பிய படத்தை எத்தனை தடவை பார்த்தேன் தெரியுமா? மலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன ஸ்புரூஸ் மரங்கள், பைனுக்கு உறவான ஊசியிலை மரங்கள். 2018இல் தொடங்கிய வறட்சியில் அவை தண்ணீரில்லாமல் தளர்ந்தன, பட்டை வண்டு உள்ளே புகுந்துவிட்டது. வண்டு தனியாகப் போவதில்லை. மரத்தில் நீலக்கறை ஏற்றும் பூஞ்சையையும் சுமந்துகொண்டு போகிறது. ஸ்புரூஸ் சும்மா இருப்பதுமில்லை. பட்டையில் வரிசையாக நிற்கும் செல்களில், பூஞ்சையைத் தடுக்க ஸ்டில்பீன் என்ற ஃபீனால் சரக்கைச் சேர்த்து வைத்திருக்கிறது. தாக்குதல் நடந்த சில வாரங்களில் புதுக் கட்டையில் புதிய பிசின் குழாய்களையே உண்டாக்குகிறது. ஆனால் அந்த நீலக்கறைப் பூஞ்சை ஸ்டில்பீனை உடைத்து உணவாகவே ஆக்கிக்கொள்கிறது என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். வண்டோ, மரத்தின் பைனீனை மாற்றித் தன் கூட்டத்தைக் கூப்பிடும் வாசனைப் பொருளாக்குகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நம் தோட்டத்தில் நடந்ததும் அதுமாதிரிதான். போன ஆடியில், வெட்டில் மழைத்தண்ணீர் இறங்காமல் மரத்தைச் சுற்றிக் கட்டும் ரெயின் கார்டு என்ற மறைப்பைக் கட்டாத நாற்பது மூடு ரப்பரில் மழையோடு மழையாகப் பால் வெட்டினோம். வெட்டுப்பட்டையில் கறுப்புக் கோடு விழுந்து அழுகிவிட்டது. வெட்டச் சொன்னது நான்தான். ரப்பர் பாலும் மரம் தன் காயத்தை மூடச் சுரப்பதுதானே? அதில் ஹெவின் என்ற புரதம் இருக்கிறது. பூஞ்சையின் செல்சுவரில் உள்ள கைட்டினைப் பற்றிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுக்கும். ஆனால் பட்டையை அழுகவைத்த ஃபைட்டோஃப்தோராவைப் பூஞ்சை என்று நாம்தான் சொல்லிப் பழகிவிட்டோம். அது பழுப்புப் பாசிகளுக்கு உறவு. சுவரெல்லாம் குளுக்கனும் செல்லுலோசும், கைட்டின் கிட்டத்தட்ட இல்லை. ஹெவின் எதைப் பிடிக்கும்? அதுவும் போக, மரம் வைத்திருப்பதை நாம் சிரட்டையில் வடித்து எடுத்துவிடுகிறோம். இந்த வருஷம் எல்லா மூட்டுக்கும் ரெயின் கார்டு கட்டிவிட்டேன். பலத்த மழை நாளில் வெட்டு கிடையாது. கூலி மட்டும் கொடுத்துவிடுகிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

மனசுக்குத் தெம்பு தந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நார்வேயில் ஸ்புரூஸ் மரங்களுக்கு அந்த நீலக்கறைப் பூஞ்சையைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வாரம் கழித்து நிறையக் கொடுத்தபோது, முன்னமே கொஞ்சம் வாங்கிய மரங்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. அம்மை குத்துவது போலத்தான். நமக்கு இருப்பது போல நோய் எதிர்ப்பு செல்களோ ரத்தமோ இல்லாத மரம், பட்டதை எப்படியோ தன்னுள் வைத்துக்கொள்கிறது.

அப்புறம், கார்த்திகையில் நீ ஊருக்கு வருவதாக எழுதியதைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குலசேகரம் பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன். அந்தப் பைன் மூட்டில் பிசின் தானாக உதிர்ந்து கிடந்தால் ஒரு துண்டு எடுத்து வா, பேத்திக்கு மணம் பிடித்துக் காட்டவேண்டும். மரத்தில் ஒட்டியிருப்பதை மட்டும் தொடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்