டப்ளினில் வாழும் உலக அழகி: அப்பாவுக்கு ஒரு கடிதம்

டப்ளின்,
24.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். இங்கே இப்போது மாலை நாலரை மணிக்குள் இருட்டிவிடுகிறது. காலையில் பணிக்குப் போகும்போதும் இருட்டு, முடித்துவிட்டு டிராமில் திரும்பும்போதும் இருட்டு என்பதைத் தவிர வேறு குறையில்லை. அம்மா கொடுத்தனுப்பிய கறிவேப்பிலைப் பொடி இன்னும் பாதி இருக்கிறது.

பத்து நாட்களாக நீங்கள் கயலிடம் பேசவில்லை என்று அம்மா சொன்னார்கள். மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிக்கிற மகள் அழகிப் போட்டிக்குப் பெயர் கொடுத்தது உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தொலைபேசியில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாதியிலேயே அழுதுவிடுவேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் எங்கள் வார்டில், இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி இருந்தார்கள். நான் இந்தியா என்றதும், "உங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி உலக அழகியானதை பிபிசியில் பார்த்தேன், பிறகு அவர் டாக்டராக இந்த ஊருக்கே வந்துவிட்டாரே, தெரியாதா?" என்று கேட்டார்கள். ஆறு ஆண்டுகளாக இதே ஊரில் வாழும் எனக்கு அது தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

அவர் பெயர் ரீட்டா ஃபாரியா. கோவாவைச் சேர்ந்த பெற்றோருக்குப் பம்பாயில் பிறந்தவர். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, முதலில் பம்பாய் அளவிலும் பிறகு இந்திய அளவிலும் பட்டம் பெற்று, 1966 நவம்பரில் லண்டன் லைசியம் அரங்கில் நடந்த உலக அழகிப் போட்டிக்குப் போனார். அந்தக் காலத்து அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் உங்களுக்கு நினைவிருக்கும். கையில் மூன்று பவுண்டு, உடன் கொண்டுபோன புடவையும் நீச்சலுடையும் இரவல், அந்த நீச்சலுடையும் அவருடைய உயரத்துக்குப் பொருந்தாமல் போகவே, இருந்த மூன்று பவுண்டையும் புதிய உடைக்கும் குதியுயர்ந்த காலணிக்கும் செலவழித்தார் என்று படித்தபோது, முதன்முதலில் இங்கே வந்திறங்கிய குளிரில் இரவல் கம்பளிக் கோட்டுடன் நின்ற என்னையே நினைத்துக்கொண்டேன். நவம்பர் 17ஆம் தேதி இரவு அவர் உலக அழகியானார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியப் பெண் அவர்தான். யூகோஸ்லாவியப் பெண் இரண்டாமிடத்தில் வந்தார். அதற்குப் பிறகு ஐஸ்வர்யா ராய் வெல்லும்வரை, 28 ஆண்டுகள் அந்தப் பட்டம் இந்தியாவுக்கு வரவில்லை.

அடுத்து நடந்ததை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், அப்பா. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களை மகிழ்விக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் அழைத்துச் சென்ற குழுவில் அவரும் போக நேர்ந்தது. வியட்நாம் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க 1954இல் அமைத்த சர்வதேசக் குழுவுக்குத் தலைமை வகித்த நாடு இந்தியா. அப்படியிருக்க, ஓர் இந்தியப் பெண் ஒரு தரப்புப் படையினரின் மேடையில் நிற்பதை நம் அரசு விரும்பவில்லை. போட்டியை நடத்தியவர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒரு பக்கம், சொந்த நாட்டின் அதிருப்தி இன்னொரு பக்கம் என்று, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு மாணவி நடுவில் நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது. கிரீடம் சூட்டும்போது அதன் எடை யாருக்கும் தெரிவதில்லை.

அந்த ஓராண்டு முடிந்ததும், மாடலிங்குக்கும் திரைப்படத்துக்கும் வந்த அழைப்புகளை விட்டுவிட்டு மருத்துவத்துக்கே திரும்பினார். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மேற்கொண்டு பயின்றார். 1971இல் டேவிட் பவல் என்ற மருத்துவரை மணந்து, 1973இல் டப்ளினில் குடியேறினார். இந்தியாவிலிருந்து செவிலியர்கள் இப்படிக் கூட்டங்கூட்டமாக வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த மழை ஊரில் வாழத் தொடங்கியவர் அவர். அயர்லாந்துப் பெண் ஒருவர் முதன்முதலாக உலக அழகியானது 2003இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பிருந்தே உலக அழகியாக இருந்த ஒருவர், அந்தப் பெயரை விளம்பரம் ஆக்கிக்கொள்ளாமல் இந்த ஊரில் மருத்துவராக வாழ்ந்திருக்கிறார். என்னை மிகவும் தொட்டது அதுதான்.

எல்லோரும் அவரைப் போல இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. 2017இல் பட்டம் வென்ற மானுஷி சில்லரும் மருத்துவ மாணவிதான். அவர் திரைப்படத்துக்குப் போனார். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கயல் எந்தப் பக்கம் போவாள் என்று நீங்கள் அஞ்சுவது நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை.

1996இல் பெங்களூரில் இந்தப் போட்டி நடந்தபோது, அதை எதிர்த்து மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்ததை நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆண்டு எதிர்ப்பின் காரணமாக நீச்சலுடைச் சுற்றை மட்டும் செஷல்ஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 2014இல் உலக அழகிப் போட்டியிலிருந்து அந்தச் சுற்றையே எடுத்துவிட்டார்கள். பெண்ணின் உடலை மேடையேற்றி மதிப்பெண் போடக் கூடாது என்று நீங்கள் சொல்லிவந்ததை, மிகத் தாமதமாகவேனும் அவர்களும் ஓரளவு ஒப்புக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன். கயல் கலந்துகொள்ளும் போட்டியில் அந்தச் சுற்று இல்லை என்பதை நான் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பல்கலைக்கழகத் தேர்வு முடிந்த பிறகுதான் போட்டி. ஒரு நாள்கூட வகுப்புக்கு விடுப்பு எடுக்க மாட்டேன் என்று அவள் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

நான் அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். நீங்கள் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. நாற்பது ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்து, ஊரில் பாதிப் பேருடைய கிரயப் பத்திரங்களை ஒரு சொல் பிசகாமல் எழுதிக்கொடுத்தவர் வீட்டிலிருக்கும்போது, வேறு யாரிடம் அவள் போக வேண்டும்? போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்த ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, இத்துடன் வைத்திருக்கிறேன். பதினொரு பக்கம். வெற்றி பெற்றவர் ஓராண்டுக்கு எங்கெல்லாம் வர வேண்டும், மறுத்தால் என்ன ஆகும் என்பது ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இரண்டாவது பத்தியைப் பலமுறை படித்தும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. தயவுசெய்து கயலைக் கூப்பிட்டு, அவளுக்கு அது விளங்குகிறதா என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் மகள்,
மலர்