பழுப்புத் தட்டைப் பிய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் மான்கொம்புப் பெரணிக்கும், அதாவது நர்சரியில் ஸ்டாக்ஹார்ன் ஃபெர்ன் என்று சொல்லி விற்கிறார்களே அதற்கும், நாலு வரி ஒதுக்கியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் காய்ந்த இலைகளை அவ்வப்போது எடுத்துவிட வேண்டும், தினமும் தண்ணீர் தெளித்தால் போதும் என்று போட்டுவிட்டீர்களே, அதை அப்படியே செய்தால் கிருஷ்ணகிரியில் அந்தச் செடி சித்திரையைத் தாண்டுவது கஷ்டம்.

முதலில் அந்தக் காய்ந்த இலை. இந்தச் செடிக்கு இலை இரண்டு தினுசு. கிளை கிளையாகப் பிரிந்து நீட்டிக்கொண்டிருப்பது ஒன்று, அதைப் பார்த்துத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். இன்னொன்று அடியில், செடியைக் கட்டி மாட்டியிருக்கும் பலகையை அணைத்தபடி வட்டமாகத் தட்டுத் தட்டாக வளர்வது. பச்சையாகத்தான் வரும், கொஞ்ச நாளில் பழுப்பாகி மொடமொடவென்று ஆகிவிடும், செத்துப்போச்சு என்று நினைத்து ஆட்கள் கை வைப்பது இதில்தான். வேர் இருப்பது அதற்குப் பின்னால். ஈரம் தங்குவதும் அங்கேதான். காட்டில் மரத்தின் மேல் வளரும்போது மேலிருந்து விழும் சருகெல்லாம் அந்தத் தட்டுக்குள் சேர்ந்து மக்கி அதுவே எருவாகிறது, அதனால்தான் அதற்கு மண்ணே தேவைப்படுவதில்லை. கொல்லிமலை, ஏற்காடு போகிறவர்கள் சூப் வைக்க முடவாட்டுக்கால் வாங்கி வருகிறோமே, அதுவும் இதே குடும்பத்துப் பெரணிதான், அதற்கும் அடியில் சருகு பிடித்து வைக்கக் காய்ந்த பழுப்பு இலைகள் உண்டு. நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொன்னாலே புரிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். பெங்களூரும் ஓசூரும் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கின்றன, கிருஷ்ணகிரியும் தருமபுரியும் 500 மீட்டர் பக்கம்தான். பெங்களூர், ஓசூர் நர்சரியில் நிழல்வலைக்கு அடியில் குளுகுளுவென்று நின்ற செடியை வாங்கி வந்து பங்குனி, சித்திரையில் நம்ம வீட்டு ஹாலில் மாட்டி, ஃபேனையும் போட்டுவிட்டு ரெண்டு தடவை ஸ்ப்ரே அடித்தால், இலை மேல் பட்டது பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும், வேருக்கு ஒரு சொட்டும் போகாது. பலகையோடு கழற்றி ஒரு அகலமான டப்பில் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும், அப்புறம் சொட்டுவது நிற்கும்வரை சாய்த்து வைத்து மாட்ட வேண்டும். வாரம் ஒரு தடவை, கடும் கோடையில் ரெண்டு தடவை, மழைக்காலத்தில் இன்னும் குறைவு. இதற்குக் கணக்கெல்லாம் வேண்டாம், பலகையைக் கையில் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் ஊறவையுங்கள். கொம்பு துவண்டு நுனி காய்ந்தால் தண்ணீர் போதவில்லை, அடிப்பக்கம் கறுத்தால் தண்ணீர் அதிகம்.

இன்னொரு தலைவலி, நம்ம போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் பலகையில் செடிக்கு அடியில் வைக்கும் தென்னை நார் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, வீணாகக்கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் வடிகட்டிய உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செடிக்கு மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் உத்தமம்.

பலகை விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். நம்ம ஊரில் மாம்பழப் பெட்டிப் பலகை சும்மாவே கிடைக்கும் என்று அதில் கட்டுகிறார்கள், வாரா வாரம் ஊறினால் அது எத்தனை நாள் தாங்கும்? மரக்கடையில் தேக்குத் துண்டு கேட்டு வாங்குங்கள். நடுவில் தென்னை நாரை நன்றாக அலசி, பிழிந்து, கைப்பிடி கனத்துக்கு வைத்து அதன் மேல் செடியை உட்காரவைத்து, கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன்பிடிக்கிறவர்கள் வாங்கும் தூண்டில் நரம்பால் தட்டுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். நடுவில் மொட்டு மாதிரி ஒரு இடம் இருக்கும், அது நசுங்கக்கூடாது. செம்புக் கம்பி வேண்டாம், பெரணிக்குச் செம்பு ஆகாது.

இடம்? கிழக்கு ஜன்னல் ஓரம். வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் வேண்டாம்.

இலை மேல் வெள்ளையாகத் தூசி மாதிரி இருப்பது தூசி இல்லை, ஈரம் ஆவியாகாமல் காக்கும் மெல்லிய ரோமம். அதைத் துணியால் துடைத்துத் தேங்காய் எண்ணெய் போட்டுப் பளபளக்க வைத்த ஒரு அக்கா எங்கள் தெருவிலேயே இருக்கிறார், அவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் உங்களிடம் சொல்கிறேன். அதே போல வளர்ந்த செடியில் கொம்பு நுனியின் அடிப்பக்கம் பழுப்பு வெல்வெட் மாதிரி படர்ந்தால் நோய் என்று மருந்து அடிக்காதீர்கள். அது விதைக்குப் பதிலாகப் பெரணி உண்டாக்கும் வித்துத்தூள். ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னப் புடைப்புகள், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் மட்டும் செதில் பூச்சி. பழைய டூத் பிரஷ் போதும்.

அடுத்த இணைப்பில் தட்டு சமாச்சாரத்தை மட்டுமாவது திருத்திப் போடுங்கள். கோடை வருவதற்குள் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்