அக்கறை இல்லாதவர்கள் நாங்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் குடும்பக் காப்புறுதி பற்றி வந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் "ஆபத்தான வேலை செய்வோர் காப்புறுதியில் அக்கறை காட்டுவதில்லை" என்ற ஒரு வரி இரண்டு நாளாக மனத்தை அறுக்கிறது. 25 ஆண்டுகள் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சாரம் கட்டியவன் நான். எனக்கா அக்கறையில்லை?

2004ஆம் ஆண்டைத் தங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஏப்ரலில் நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து 4 பேர் போனார்கள். மே மாதம் பழுதுபார்க்க வந்த எண்ணெய்க் கப்பலில் தீப்பிடித்து 7 பேர். ஜூனில் நானே காப்புறுதி ஏஜெண்டை வீட்டுக்கு வரச் சொன்னேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது. படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னதும் அவர் பேனாவை மூடிவிட்டார். தொழில் ஆபத்துப் பட்டியலில் நான்காம் வகுப்பாம். ஆயுள் காப்புறுதிக்குக் கூடுதல் சந்தா. உடம்புக்கு முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தரும் காப்புறுதி கிடையவே கிடையாது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சூப்பர்வைசர்னு போட்டுக்கலாம் அண்ணே" என்றார். அடுப்படியில் நின்ற என் மனைவி, "வேணாங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆனா இந்தப் பொய்யைக் காட்டியே கையை விரிச்சிடுவாங்க" என்றாள். உண்மையை எழுதி, கூடுதல் சந்தாவும் 11 ஆண்டுகள் கட்டினேன்.

2015இல் விழுந்தேன். மழை ஈரத்தில் பலகை வழுக்கியது, மூன்று மீட்டர்தான். வலக்கை இன்றுவரை தோளுக்கு மேல் எழும்பாது. சட்டையை இடக்கையால் இழுத்துத்தான் மாட்டுகிறேன். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி சேர வேண்டியது வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் சந்தா கட்டிய பாலிசி? இரு கண்களோ இரண்டு கைகால்களோ போகவில்லை, ஏதாவது ஒரு வேலை செய்து சம்பாதிக்க முடியும், ஆகவே இது முழு நிரந்தர இயலாமை ஆகாது என்று கடிதம் வந்தது. அந்த 'ஏதாவது ஒரு வேலை' எனக்கும் கிடைத்தது. ஸ்டோரில் உட்கார்ந்து கயிறும் கிளாம்பும் எண்ணிக் கொடுத்தேன். ஓவர்டைம் போனதில் சம்பளம் பாதியானது. மேசையில் வேலை பார்ப்பவரை நினைத்து எழுதிய விதியை, உயரத்தில் ஏறிப் பிழைப்பவன் தலையில் வைத்தால் என்ன நியாயம்?

2022இல் எங்கள் பட்டறையில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவருக்கு கிரைண்டரில் விரல்நுனி போனது. வயது 34, மாதச் சராசரிச் சம்பளம் 1,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதை இழப்பீட்டுச் சட்டம் அந்த வயதுக்கு வைத்திருக்கும் 181 என்ற எண்ணால் பெருக்கி, மருத்துவர் எழுதிய 8 விழுக்காடு இயலாமையைக் கணக்கிட்டால் 17,376 வெள்ளி. ஸ்டோர் மேசையில் நான்தான் அவருக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். அதுவரை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று பயந்துகொண்டிருந்தார். மத்திய சேமநிதியின் சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டம் என்ற காப்புறுதி, இறந்தாலோ முழு நிரந்தர இயலாமை வந்தாலோ, தொழிலைப் பார்க்காமல் 60 வயதுவரை அதிகபட்சம் 70,000 வெள்ளி தருகிறது. ஆனால் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான்.

என் சொந்தத் தம்பி வீடுவீடாக மின்கம்பி வேலை எடுத்துச் செய்கிறார். சுயதொழில் என்பதால் இழப்பீட்டுச் சட்டம் அவரைத் தொடாது. உணவு விநியோகம் செய்பவர்களை 2025 ஜனவரி முதல் சேர்த்தார்கள், சந்தோஷம். இவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

2025 நவம்பர் 1 முதல் இழப்பீட்டு வரம்புகள் கூடியிருப்பது தாங்கள் அறிந்ததே. மரணத்துக்கு அதிகபட்சம் 269,000 வெள்ளி, முழு நிரந்தர இயலாமைக்கு 346,000. இவற்றோடு, விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோர வேண்டும், யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையை விட்ட பிறகும் கோரலாம் என்பதையும் ஒரு பெட்டிச் செய்தியாக எளிய தமிழில் வெளியிடுங்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால், தொழிலாளர்கள் விடுதிச் சுவரில் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
உட்லண்ட்ஸ்