மின்னஞ்சல் எனக்கு வந்தது, கடவுச்சீட்டு அவர்களுடையது

கட்டுநாயக்கவிலிருந்து எங்கள் ஆட்களை ஏற்றிச்செல்லும் விமான நிறுவனங்களின் பணிப்பாளர் சபைகளுக்கு,

வணக்கம்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சின்னத் தொடர்பாடல் நிலையம் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, விமான டிக்கெட் போடுவது என்று ஓடுகிற கடை. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைத் தோட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிற பெண்களில் பலர் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவர்கள். டிக்கெட் போடும்போது உங்கள் படிவம் மின்னஞ்சல் முகவரி கேட்கும். "எங்கிட்ட ஏது தம்பி, ஒங்களோடதையே போட்ருங்க" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். தொலைபேசி இலக்கமும் பல நேரம் என்னுடையதுதான், இல்லாவிட்டால் முகவருடையது.

போன வருஷம் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து அந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முழுக்க ஆங்கிலம். எங்கள் கணினி அமைப்புக்குள் வெளியார் நுழைந்துவிட்டார்கள், உங்கள் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் போயிருக்கலாம், உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம் என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு மின்னஞ்சல். உங்கள் கணக்கில் நான் ஒரு வாடிக்கையாளன். அந்த முகவரிக்குப் பின்னால் இருப்பவர்களைப் பழைய கொப்பியைப் புரட்டி எண்ணினேன்: 43 பேர். இவர்களில் யாருடைய விபரம் போனது?

பதில் எழுதிக் கேட்டால், இந்த முகவரிக்கு எழுதாதீர்கள் என்று இயந்திரம் பதில் சொன்னது. தொலைபேசியில் தமிழுக்கென்று ஒரு இலக்கம் அழுத்த வழியில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு பிள்ளை மரியாதையாகப் பேசினாள். மற்றவர்களுடைய விபரத்தை எனக்குச் சொல்ல முடியாதாம், தனியுரிமையாம். திருடியவன் கையில் இருக்கிற பட்டியலை எனக்குக் காட்டக்கூடாது என்பதில் மட்டும் உங்கள் காவல் அவ்வளவு இறுக்கம்.

இரண்டு கிழமை கழித்து நோர்வூட் பக்கத்து அக்கா ஒருவர் அழுதுகொண்டு கடைக்கு வந்தார். குவைத்தில் இருக்கிற மகள் லீவில் வர டிக்கெட் போட்டிருந்தது. எவனோ தமிழில் பேசினானாம். விமான இலக்கம், திகதி, மகளின் முழுப்பெயர் எல்லாம் சரியாகச் சொன்னானாம். திகதி மாறிவிட்டது, 18,000 ரூபாய் உடனே கட்டாவிட்டால் டிக்கெட் போய்விடும் என்றானாம். தீபாவளி முற்பணத்திலிருந்து எடுத்துக் கட்டிவிட்டார். அந்தக் களவுக்கும் இந்த அழைப்புக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அந்த மின்னஞ்சலில் இருந்ததை நான் அவருக்கு முன்கூட்டியே சொல்ல முடிந்திருந்தால், அவன் பேசியபோது அவர் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்.

உங்கள் பூட்டு எவ்வளவு லேசானது என்று உங்களுக்கே தெரியும். ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடும் குடும்பப் பெயரும் இருந்தால் பல இடங்களில் ஒருவருடைய பயண விபரம் திறந்துவிடும். 2016 டிசம்பரில் ஹம்பர்க்கில் நடந்த மாநாடு ஒன்றில் ஆய்வாளர்கள் மேடையிலேயே இதை விளக்கிக் காட்டினார்கள். எங்கள் பக்கம் இன்னும் வசதி. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது, தகப்பன் பெயர்தான். அதைத் தோட்டத்தில் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் சொல்லும்.

கடவுச்சீட்டு இலக்கம் போனதற்கா இத்தனை சத்தம் என்று நினைக்கலாம். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் குடியுரிமைக்கு வழி பிறந்த மலையகத் தமிழ்ச் சனத்தின் பிள்ளைகள் நாங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், அதைத் திருத்தக் கச்சேரிக்கு, அதாவது அரச அலுவலகத்துக்கு, எத்தனை நடை. அப்படி நடந்து எடுத்த புத்தகம் அது.

இந்தத் துறையில் நடந்தவற்றை நானும் தேடி வாசித்திருக்கிறேன். 2018இல் பிரிட்டிஷ் எயர்வேஸிடமிருந்து சுமார் 4 இலட்சம் பேருடைய விபரங்கள் போயின. உள்ளே வந்தவன் அவர்களுக்குச் சேவை வழங்கிய வெளி நிறுவனம் ஒன்றின் கடவுச்சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். முதலில் 18 கோடி பவுணுக்கு மேல் அபராதம் என்று அறிவித்தார்கள், 2020இல் அது 2 கோடியில் வந்து நின்றது. 2021இல் எயர் இந்தியாவின் 45 இலட்சம் பயணிகளுடைய விபரங்கள் போயின, அதுவும் பத்து வருஷக் காலத்துக்குரியவை. திருடன் புகுந்தது விமான நிறுவனங்களுக்குக் கணினிச் சேவை தரும் சிட்டா (SITA) என்ற நிறுவனத்தில். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனால், களவு போன பிறகு பக்கத்து வீட்டைக் கைகாட்டி முடியாது.

2025இல் அவுஸ்திரேலியாவின் குவாண்டாஸில் 57 இலட்சம் பேருடைய விபரங்கள் போயின. அங்கும் அழைப்பு நிலையம் பயன்படுத்திய வெளியார் தளம் ஒன்றின் வழியாகத்தான். ஆனால் அங்கே நடந்த ஒன்றை இரண்டு தரம் வாசித்தேன். பணிப்பாளர் சபை, தலைமை அதிகாரி உட்பட உயர்மட்டத்தினரின் போனஸை 15 சதவீதப் புள்ளி குறைத்தது. எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடை குறைந்தால் பறித்தவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் போடுவார்கள். தோட்டத்தை நிர்வகிக்கிற துரைக்கு அரைப்பேர் போட்டதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. அபராதத்தைக் கம்பெனி கட்டும், கடைசியில் டிக்கெட் விலையில் நாங்கள் கட்டுவோம். போனஸ் அப்படியில்லை, அது துரையின் சொந்தப் பை. உங்கள் சபையில் இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், எங்கள் விபரம் போனால் அவருக்கு அரைப்பேர் விழுமா என்று ஆண்டறிக்கையில் எழுதுங்கள், தமிழிலும். அமெரிக்கப் பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிகள் இந்த மேற்பார்வை பற்றி ஆண்டுதோறும் சொல்லவேண்டும் என்று 2023இலிருந்து விதியே இருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இனி அரசியல். உங்களுக்கு வாயில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வரி, கட்டணம், தரையிறங்கும் நேரம் என்றால் எந்த நாட்டு அமைச்சர் வாசலுக்கும் உங்கள் ஆட்கள் போவார்கள். பயணப்பொதி போன்றவற்றுக்கான மேலதிகக் கட்டணங்களை முதலிலேயே காட்டு என்று அமெரிக்க அரசு விதி போட்டபோது, 2024 மே மாதம் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து வழக்குக்கே போயின. அது அவர்கள் உரிமை. அங்கே அரசிடம் ஆதரவு தேட எவ்வளவு செலவழித்தோம் என்று காலாண்டுக்கு ஒருமுறை பகிரங்கமாக எழுதிக் கொடுக்கவாவது வேண்டும். இங்கே அப்படி ஒரு ஏடு இல்லை.

இலங்கையின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். 2025 மார்ச்சில் முழுமையாக வரவேண்டியது, தள்ளிப்போனது. நீங்கள்தான் தள்ளிவைக்கச் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது, அந்தச் சட்டத்தைப் பற்றி அரசிடம் என்ன சொன்னீர்கள்? ஆதரித்தீர்களா, அவகாசம் கேட்டீர்களா, வாயே திறக்கவில்லையா? தேசிய விமான நிறுவனமான ஸ்ரீலங்கனிடமென்றால் 2016 தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு படிவம் நிரப்பிக் கேட்கலாம், நிரப்புவது என் தொழில். மற்றவர்களிடம் இப்படி மடல் எழுதித்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

அரசாங்கமும் இதில் பெரிய உதாரணம் ஒன்றும் கிடையாது. 2023இல் அரச மின்னஞ்சல் கட்டமைப்பு தாக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் பிரதி இல்லாமல் அழிந்துபோயின. அரசியல்வாதியோடு முட்டினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2007இல் ஜனாதிபதியின் பரிவாரத்துக்காக, டிக்கெட் எடுத்த பயணிகளை இறக்க ஸ்ரீலங்கன் நிர்வாகம் மறுத்தது. தலைமை அதிகாரியின் வேலை அனுமதி ரத்தானது. ஆனாலும் அன்று டிக்கெட் எடுத்தவன் பக்கம் ஒரு நிர்வாகம் நின்றது. நான் கேட்பது அதைவிட எவ்வளவோ சின்னது.

படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்: "இந்த மின்னஞ்சல் பயணியுடையதா, வேறொருவருடையதா?" வேறொருவருடையது என்றால் பயணியின் வீட்டுக் கைப்பேசி இலக்கத்தையும் கேளுங்கள். விபரம் களவு போனால் அந்த இலக்கத்துக்குத் தமிழில் நாலு வரி அனுப்புங்கள், எந்தப் பயணி, எந்தப் பயணம் என்று. பணம் கேட்டு நாங்கள் ஒருபோதும் அழைக்கமாட்டோம் என்பதையும் அதிலே எழுதுங்கள். தபாலை நம்பவேண்டாம். லயத்து வீடுகளில் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை, கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய் என்றைக்கு வருமோ அன்றைக்குத்தான் வரும்.

அந்த மின்னஞ்சலைத் தமிழில் எழுதி, அச்செடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். 43 பேரில் இதுவரை 11 குடும்பங்கள் வந்து, "நம்ம பிள்ளையோடதும் போயிருக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். தெரியவில்லை என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்ற 32 பேரும் வருவதற்குள் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் ஒரே வாடிக்கையாளனாக இருக்கும்
ஹட்டன் தொடர்பாடல் நிலையக்காரன்