ஆச்சியின் சில்லறை டப்பா

டண்டீ, ஸ்காட்லாந்து
3 நவம்பர் 2025

அன்புள்ள ஆச்சிக்கு,

பேத்தி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மா இதை வாசித்துக் காட்டும்போது நடுவில் எதையும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

தசரா சமயத்தில் போன் பண்ணி, "சாயங்காலத்துக்கு மேல் யார் தட்டினாலும் கதவைத் திறக்காதீங்க ஆச்சி, எந்த வேஷம் வந்தாலும் சரி" என்று உங்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். நீங்கள் ஒன்றும் பேசாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை இங்கே ஹாலோவீன். அன்று ராத்திரி வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது.

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 ராத்திரி. நவம்பர் 1 எல்லாப் புனிதர்களுக்குமான திருநாள், 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். மணப்பாட்டில் கல்லறையெல்லாம் மெழுகுவத்தி ஏற்றி வைப்பார்களே, அதேதான். புனிதர் திருநாளுக்கு முந்தின ராத்திரி என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயருக்கே அர்த்தம். அன்றைக்குச் செத்தவர்களின் ஆவி வெளியே உலவும், அதன் கண்ணுக்கு நாம் அடையாளம் தெரியக் கூடாது என்று அந்தக் காலத்தில் வேஷம் போட்டுக்கொண்டார்களாம். இப்போது பிள்ளைகள் பேய், சூனியக்காரி, எலும்புக்கூடு என்று வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்க வருகிறார்கள். தசராவுக்குக் குலசை முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, காளி, குறத்தி, குரங்கு, கரடி என்று வேஷம் கட்டிக் காணிக்கைக்கு வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் இதைப் பார்த்தபோது எனக்கு உடன்குடித் தெருவில் நிற்கிற மாதிரியே இருந்தது.

இங்கத்து இருட்டைச் சொல்லாமல் மற்றது உங்களுக்குப் புரியாது. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும். அதற்கப்புறம் சாயங்காலம் நாலரைக்கெல்லாம் சூரியன் அடைந்துவிடும். ஐந்து மணிக்கே தெரு அடங்கிக் கிடக்கும், குளிர், பெரும்பாலும் மழை. அந்த நேரத்தில் தனியாக இருக்கிற வயசானவர்களுக்குக் கதவு தட்டும் சத்தம் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வயசானவர்களின் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு சூடாக்கிக் கொடுத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்து, படுக்க வைத்துவிட்டு வருவது. அவர்கள் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது வேலையில் கட்டளை. அதனால் என் மனசுக்குள் நான் வைத்திருக்கிற பெயரிலேயே எழுதுகிறேன்.

முதலில் சணல் ஆலைப் பாட்டி. வயசு 87. டண்டீ ஒரு காலத்தில் சணல் ஊர். வங்காளத்திலிருந்து கப்பல் கப்பலாகச் சணல் வந்து இங்கே சாக்காகும். ஆலையில் பெண்கள்தான் அதிகம். பாட்டியும் பதினைந்து வயசில் தறிக்குப் போனவர். கடைசி ஆலையை 1999-ல் மூடினார்கள். நான் இந்தியா என்று சொன்னதும், "கல்கத்தாவா?" என்றுதான் முதலில் கேட்டார். இந்த ஊர் ஆட்கள் கல்கத்தா ஆலைகளுக்கு மேஸ்திரிகளாகப் போயிருக்கிறார்கள், அதனால் அவருக்கு இந்தியா என்றால் கல்கத்தா. தறிச் சத்தத்தில் அவர் காது போய்விட்டது. ஆலையில் பேச்சு கேட்காததால் உதட்டைப் பார்த்தும் கை ஜாடையிலும்தான் பேசிக்கொள்வார்களாம். இன்றைக்கும் நான் பேசும்போது என் வாயைத்தான் பார்ப்பார்.

ஹாலோவீனைப் பற்றி அவரிடம் கேட்டால் நிறுத்தாமல் பேசுவார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதற்கு இந்த ஊரில் பெயர் 'கைசிங்'. வேஷம் கட்டி வருகிற பிள்ளை வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும், இல்லையென்றால் ஒரு கவிதை ஒப்பிக்க வேண்டும், ஒரு சிரிப்புக் கதையாவது சொல்ல வேண்டும். வீட்டுக்காரர்கள் வேஷத்துக்குள் யார் பிள்ளை என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். அப்புறம்தான் கையில் ஏதாவது விழும். 1953 வரை இந்த நாட்டில் மிட்டாய்க்கும் ரேஷன் இருந்ததால், கிடைத்தது ஓட்டோடு நிலக்கடலை, ஆப்பிள், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு சின்ன ஆரஞ்சு. அதை வாங்கிக்கொண்டு போகும்போது சம்பளம் வாங்கின பெருமை இருந்ததாம். இப்போது பிள்ளைகள் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்கிறார்கள். மிட்டாய் கொடு, கொடுக்காவிட்டால் சேட்டை பண்ணுவோம் என்று அர்த்தம். "எங்கள் ஆட்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கொண்டுபோனது, திரும்பி வரும்போது மிரட்டலோடு வந்திருக்கிறது" என்பது பாட்டியின் வருத்தம். எனக்கு அந்த வருத்தம் நியாயமாகவே படுகிறது. பாடினால் பிள்ளையும் கொடுக்கிறது, வீடும் கொடுக்கிறது. பையை மட்டும் நீட்டினால் ஒரு பக்கம்தான் கொடுக்கிறது.

இன்னொரு வழக்கம் உண்டு. வாசலில் பூசணிக்காயைக் குடைந்து விளக்கு வைத்திருந்தால் அந்த வீட்டுக்குப் பிள்ளைகள் வரலாம், இல்லாவிட்டால் தாண்டிப் போய்விட வேண்டும். பாட்டிக்குப் பூசணி ஆகாது. அவர் காலத்தில் டர்னிப்தான். நம் நூக்கோலைவிடப் பெரிய கிழங்கு, கல் மாதிரி இருக்கும். அவர் விரல்கள் இப்போது மடங்காது. நானே வாங்கிவந்து என் அறையில் ஸ்பூனால் இரண்டு ராத்திரி சுரண்டினேன். உள்ளங்கையில் கொப்புளம். வெள்ளிக்கிழமை அதற்குள் மெழுகுவத்தி ஏற்றியதும், மூடி கருகி ஒரு தீய்ந்த வாசனை வந்தது. பாட்டி கண்ணை மூடிக்கொண்டார். "இதேதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஆறு மணி இருக்கும், மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். மூன்று பிள்ளைகள், பின்னால் குடையோடு ஒரு அம்மா. நான் அவர்களை உள்ளே பாட்டியின் நாற்காலி வரைக்கும் கூட்டி வந்தேன். "என்ன பண்ணிக் காட்டப் போகிறீர்கள்?" என்று பாட்டி கேட்டதும் மூன்றும் முழித்தன. கடைசியில் எலும்புக்கூடு வேஷம் போட்ட பையன் ஒரு விடுகதை சொன்னான். எலும்புக்கூடு ஏன் விருந்துக்குப் போகவில்லை? கூட வர ஆள் இல்லை. இங்கிலீஷில் 'ஆள் இல்லை' என்பதும் 'உடம்பு இல்லை' என்பதும் காதுக்கு ஒன்றாகக் கேட்கும், அதுதான் சிரிப்பு. பாட்டிக்குக் கேட்கவில்லை. அவன் கத்திச் சொன்னான். அப்போதும் புரியவில்லை. முகமூடி வாயை மறைத்திருந்ததே, உதட்டை எப்படிப் பார்ப்பார்? "அதைக் கழற்று" என்று கையைக் காட்டினார். கழற்றினான். முன்பல் இரண்டும் விழுந்த, வேர்த்த முகம். மூன்றாவது தடவை சொன்னான். பாட்டி உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் அவன் மூக்கைப் பார்த்து, கீழ் வீட்டுக்காரரின் பேரன் என்று கண்டுபிடித்துவிட்டார். கடலையும் ஆரஞ்சும் அவர் கையாலேயே கொடுத்தார்.

அவர்கள் போனதும் என்னிடம் சொன்னார்: "போன வருஷம் நான் திறக்கவில்லை. மணி அடித்ததும் விளக்கை அணைத்துவிட்டேன். கூட ஆள் இல்லை." விடுகதையில் வந்த அதே வார்த்தைதான், ஆச்சி. ஆனால் இதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

அவர் பயத்தில் குற்றம் சொல்ல முடியாது. 2022 ஹாலோவீன் ராத்திரி இந்த ஊரில் கர்க்டன் என்ற பகுதியில் பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து தெருவில் தீ வைத்து, போலீஸ் மேல் பட்டாசு வீசியிருக்கிறார்கள். நான் வருவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் அக்டோபர் பிறந்தால் நான் போகிற வீடுகளில் எல்லாம் அந்தப் பேச்சு வரும். மிட்டாய் கேட்கிற ஆறு வயசுப் பிள்ளையும் பட்டாசு வீசுகிற பதினாறு வயசுப் பையனும் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவருக்கு ஒரே தட்டல்தானே.

அடுத்த வீடு ஜானிட்டர் தாத்தா. தொடக்கப் பள்ளியில் முப்பது வருஷம் வேலை. காலையில் கதவு திறப்பது, ஹீட்டர் போடுவது, ஓடி விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடுவது எல்லாம் அவர்தான். இப்போது மனைவிக்கு மறதி நோய். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அந்த அம்மா எழுந்து, தன் தாயார் வந்துவிட்டாள் என்று வாசலுக்குப் போவார். திறந்தால் மண்டையோட்டு முகம். போன வருஷம் அலறியவரை விடியும் வரைக்கும் தூங்க வைக்க முடியவில்லையாம்.

அவர் வீட்டுச் சாவி வாசலில் ஒரு சின்ன எண்பூட்டுப் பெட்டியில் இருக்கும். நாங்கள் எண்ணைப் போட்டு எடுத்துத் திறந்து போவோம். வெள்ளிக்கிழமை ராத்திரி திறந்தால், உள்ளே சங்கிலி போட்டிருந்தது. வீடு முழுக்க இருட்டு. ஜன்னலில் 'தயவுசெய்து தட்ட வேண்டாம்' என்று ஒரு காகிதம். இந்தக் காகிதத்தைப் பிரிட்டனில் பல ஊர்களில் போலீஸாரே கொடுக்கிறார்கள். மணியை அழுத்தினேன், சத்தமே இல்லை. தட்டினேன். பதில் இல்லை. மழையில் கறுப்புக் கோட்டு, தலையில் தொப்பி, குனிந்து தபால் துவாரத்தில் வாயை வைத்து, "நான்தான், மாத்திரை கொடுக்க வந்திருக்கிறேன்" என்றேன். உள்ளே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. "யாரு?" என்று அவர் கேட்டார். குரல் நடுங்கியது. தினமும் பார்க்கிற மனுஷர், ஆச்சி. அந்த நிமிஷம் நானும் அவருக்கு இருட்டில் வந்த ஒரு வேஷம்தான். தபால் துவாரத்தை விட்டு விலகி, தொப்பியைக் கழற்றி, ஜன்னல் பக்கம் தெருவிளக்கில் முகம் தெரிய நின்றேன். அப்புறம்தான் சங்கிலி விழுந்தது.

அடுப்படியில் சின்ன விளக்கு மட்டும் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் இரண்டு பேட்டரி. மணியிலிருந்து அவர் கழற்றி வைத்தது. "முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கதவு திறந்துவிட்டேன். இன்றைக்கு அவர்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறேன்" என்றார். அவருக்கு நான் என்ன சொல்ல? மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

கடைசி வீடு ஒன்பதாவது மாடி. கீழ்க்கதவு எப்போதும் பூட்டு, பொத்தானை அழுத்தி மேலே இருக்கிறவர் திறந்தால்தான் வரலாம். ஒரு பிள்ளையும் ஏறி வருவதில்லை. அந்த அம்மா வருஷா வருஷம் ஒரு பை சாக்லேட் வாங்கிக் கிண்ணத்தில் போட்டு வைப்பார். எட்டரை மணிக்கு நான் படுக்க வைக்கப் போனபோது கிண்ணம் நிறைந்தே இருந்தது. இரண்டு எடுத்துக்கொண்டேன்.

வயசானவர்களுக்குப் பிள்ளைகள் வருவது பிடிக்காது என்று இங்கே சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் போகிற வீடுகளில் பிள்ளைகளைப் பிடிக்காதவர் ஒருவர்கூட இல்லை. கதவைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அல்லது வருகிறவர் யார் என்று முன்கூட்டித் தெரிய வேண்டும். தாத்தா வீடு மாதிரி வீடுகளைத் தட்டாமல் தாண்டிப் போய்விட வேண்டும், மாடி அம்மா வீட்டுக்கு யாராவது ஏறிப் போக வேண்டும். அடுத்த வருஷம் அந்தக் கீழ் வீட்டுப் பையனின் அம்மாவிடம் நானே பேசி, ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிப் போவதாக இருக்கிறேன்.

ஆச்சி, உங்களிடம் நான் சொன்னது தப்பு. நீங்கள் போர்ன்விட்டா டப்பாவில் சில்லறை சேர்த்து வைப்பீர்கள். எந்த ஊர்க் குழு என்று ஒவ்வொருவரிடமும் விசாரிப்பீர்கள். காளி வேஷக்காரர் கையால் குங்குமம் வாங்கி எனக்கும் வைத்துவிடுவீர்கள். அதையெல்லாம் ஒரு போனில் பூட்டப் பார்த்தேன். பெரியப்பா வீட்டுத் தம்பியிடம் பேசிவிட்டேன். அடுத்த தசராவுக்குப் பத்து நாளும் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் அவன் நம் திண்ணையில்தான் இருப்பான். சரி என்று சொல்லியிருக்கிறான். லீவு கிடைத்தால் நானும் வந்துவிடுவேன்.

இந்த வருஷம் நீங்கள் கதவைத் திறந்தீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன், அம்மா சொல்ல மாட்டேன் என்கிறாள். திறந்திருந்தால் என்னென்ன வேஷம் வந்தது என்று அவளை எழுதச் சொல்லுங்கள். டப்பாவில் மீதி எவ்வளவு இருக்கிறது என்றும்.

அன்புடன்,
உங்கள் பேத்தி